குருதி கூறும் அகச்சான்று



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் நீரிழிவு நோய் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே. ஒருவர் கூறும் சொல்லுக்கும் அவர் வாழ்வில் நிகழ்ந்ததற்கும் இடையிலுள்ள தொலைவு எவ்வளவு என்பது இலக்கியத்தின் நெடுநாளைய வினா. அதே வினாவை, உணவைப் பொறுத்த அளவில், மருத்துவ அறிவியலும் எழுப்பி வருகிறது. ஒருவர் தாம் உண்டதாகக் கூறுவதையும் அவருடைய குருதி காட்டுவதையும் ஒப்புநோக்கும் ஆய்வுகள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. அவற்றின் பயனையும் எல்லையையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், எந்த ஊர் மருத்துவமனையிலும் நாள்தோறும் நிகழக்கூடிய ஒரு காட்சியைக் கருதலாம். நடுவயதுப் பெண் ஒருவர் மருத்துவர் முன் அமர்ந்திருக்கிறார். மேசைமேல் அவருடைய குருதிச் சோதனை முடிவு கிடக்கிறது. "இனிப்பைத் தொடுறதே இல்லைங்க டாக்டர், சோத்தையும் குறைச்சுட்டேன்" என்கிறார் அவர். "அப்புறம் எப்படிம்மா சர்க்கரை ஏறுது? வாயைக் கட்டணும்" என்கிறார் மருத்துவர். அப்பெண் தலை கவிழ்கிறார். அவர் கூறியது பொய்யா, மறதியா, அன்றி மெய்யேதானா? இவ்வினாவிற்கு விடை தேடிய வழியே இங்கு விரித்துரைக்கப்படுகிறது.

சுவையிலிருந்து அளவைக்கு

இந்நோயைப் பண்டைய மருத்துவர்கள் சுவையால் அறிந்தனர். மதுமேகம் என்னும் பெயரிலேயே தேனின் இனிமை அடங்கியுள்ளது. ஐரோப்பியர் வழங்கும் 'மெல்லிட்டஸ்' என்னும் இலத்தீன் அடைமொழிக்கும் தேன்போல் இனிப்பது என்பதே பொருள். இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1674இல் நோயாளிகளின் சிறுநீர் வியக்கத்தக்க இனிமை உடையது என எழுதினார். அவ்வினிமைக்குக் காரணம் சர்க்கரையே என்பதை 1776இல் மெய்ப்பித்தவர் லிவர்பூல் நகர மருத்துவர் மத்தேயு டாப்சன். சிறுநீரை ஆவியாக்கி எஞ்சிய பொருளை அவர் ஆராய்ந்தார். குருதிநீரிலும் அவ்வினிமை உண்டென்பதை அவரே கண்டு கூறினார்.

ஆயினும் குருதிச் சர்க்கரை நாழிகைக்கு நாழிகை மாறுவது. சோதனைக்கு முன் இரண்டு நாள் உணவைக் குறைத்துக்கொண்டு நல்ல முடிவைப் பெறுவோர் உண்டு. இக்குறையைப் போக்க உதவியது ஈரானிய அறிஞர் சாமுவேல் ரஹ்பரின் கண்டுபிடிப்பு. நீரிழிவு உடையோரின் செங்குருதி அணுக்களில் இயல்புக்கு மாறான ஒருவகை ஹீமோகுளோபின் காணப்படுவதை அவர் 1968இல் வெளியிட்டார். சர்க்கரை தன்போக்கில் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்கிறது. செங்குருதி அணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். எனவே ஒட்டியிருக்கும் சர்க்கரையின் விழுக்காடு, கடந்த இரண்டு மூன்று திங்களின் சராசரி நிலையைக் காட்டும். மக்கள் 'மூன்று மாதச் சர்க்கரை' என வழங்குவது இதனையே. 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவு எனக் கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் ஏற்றுக்கொண்டது.

இச்சோதனை விளைவைக் கூறும். காரணத்தைக் கூறாது. எந்த உணவு இந்நிலைக்கு இட்டுச் சென்றது என்பதை அறிய வேறு சான்று வேண்டும்.

நினைவின் வழுக்கள்

நெடுங்காலம் அச்சான்று நோயாளியின் வாய்மொழியாகவே இருந்தது. நேற்று உண்டதைக் கேட்டு எழுதுவது ஒரு முறை. ஓராண்டில் எவ்வெவ்வுணவை எத்தனை முறை உண்டீர்கள் என நீண்ட வினாப்பட்டியலை நிரப்பச் செய்வது மற்றொரு முறை. இரண்டும் நினைவையே நம்பியவை.

நினைவு எவ்வளவு பிழைபடும் என்பதை ஒரு நுண்ணிய முறை காட்டியது. நீரில் அடங்கிய ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் கனத்த வடிவங்களைக் கலந்து பருகத் தருவர். கதிரியக்கமற்ற அவ்விரண்டும் உடலைவிட்டு வெளியேறும் விரைவின் வேறுபாட்டைக் கொண்டு, ஒருவர் செலவிட்ட ஆற்றலைக் கணக்கிடலாம். உடல் எடை மாறாதிருப்பின் செலவிட்ட ஆற்றலும் உண்ட ஆற்றலும் ஒத்திருத்தல் வேண்டும். 1980களிலிருந்து நடந்த இத்தகைய ஆய்வுகள், மக்கள் தாம் உண்டதைக் குறைத்தே கூறுகின்றனர் என்பதையும், உடற்பருமன் உடையோரிடம் இக்குறைவு மிகுதி என்பதையும் நிறுவின.

இதனைப் பொய் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. தட்டில் இட்டுக்கொண்டதை நினைவில் வைப்பது எளிது. சமைக்கும்போது உப்புப் பார்த்தது, குழந்தை மிச்சம் வைத்ததை வீணாக்க மனமின்றி வாயிலிட்டது, விருந்தினரோடு சேர்ந்து பருகிய இரண்டாவது காப்பி ஆகியவை உணவு என்ற கணக்கிலேயே சேர்வதில்லை. கடைசியாக உண்ணும் பழக்கமுடைய குடும்பப் பெண்ணுக்கு உணவுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அவரிடம் 'ஒரு வேளைக்கு எவ்வளவு?' என வினவினால் வரும் விடை எவ்வளவு துல்லியமாக இருக்க இயலும்? மேலும், வினவுபவர் எதை விரும்புவார் என்பதை உணர்ந்து விடைகூறும் இயல்பு மாந்தர் யாவர்க்கும் உண்டு. கீரை கூடுதலாகவும் பலகாரம் குறைவாகவும் சொல்லப்படுவது இதனாலேயே.

குருதியில் தங்கும் சுவடுகள்

ஒரு நூலின் காலத்தைத் துணியத் தமிழாய்வாளர் புறச்சான்றோடு நில்லாமல் நூலின் உள்ளே கிடைக்கும் அகச்சான்றையும் நாடுவர். உணவாய்வாளரும் அவ்வாறே உடலின் உள்ளே சான்று தேடலாயினர். உடல் தானே ஆக்கிக்கொள்ளாத பொருள் ஒன்று குருதியில் காணப்படின், அது உணவின் வழியே வந்திருத்தல் வேண்டும் என்பது இத்தேடலின் அடிப்படை.

வைட்டமின் சி அத்தகையது. மனித உடல் அதனை உருவாக்குவதில்லை. பழமும் காய்கறியுமே அதன் முதன்மை வாயில்கள். கரோட்டினாய்டு எனப்படும் நிறமிகளும் அத்தகையனவே. கேரட், பரங்கி ஆகியவற்றின் பொன்னிறமும் தக்காளியின் செந்நிறமும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. கீரையின் பசுமைக்குள் மறைந்திருக்கும் மஞ்சள் நிறமியான லூட்டீனும் இவ்வினமே. உண்டவரின் குருதியில் இவை கலந்து சில வாரங்கள் தங்குகின்றன.

கொழுப்பமிலங்கள் இன்னும் நுட்பமான சுவடுகள். 15, 17 எனும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் கரி அணுக்களைக் கொண்ட கொழுப்பமிலங்கள், அசைபோடும் விலங்கின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களின் செயலால் உண்டாகிப் பாலிலும் வெண்ணெயிலும் இடம்பெறுகின்றன. எனவே அவை பெரும்பாலும் பாலுணவைச் சுட்டுகின்றன. நீண்ட தொடருடைய ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் மீனுணவைச் சுட்டுகின்றன. வனஸ்பதி போன்ற, பகுதியாக ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்களால் வரும் டிரான்ஸ் கொழுப்பும் குருதியில் தன் தடத்தை விட்டுச் செல்கிறது. தீட்டாத கோதுமை, கம்புப்புல் எனப்படும் 'ரை' ஆகியவற்றின் தவிட்டில் உள்ள அல்கைல்ரெசார்சினால் என்னும் பொருள் முழுத்தானிய உணவுக்குச் சான்று பகர்கிறது.

எங்கே தேடுகிறோம் என்பதைப் பொறுத்துக் காலமும் மாறும். குருதிநீரில் மிதக்கும் டிரைகிளிசரைடு சில மணி அல்லது சில நாள் உணவைக் கூறும். அதே குருதிநீரின் பாஸ்போலிப்பிடு சில வார உணவைக் கூறும். செங்குருதி அணுவின் சவ்வு சில திங்கள் உணவையும், தோலடிக் கொழுப்பு ஓராண்டும் அதற்கு மேலும் உள்ள பழக்கத்தையும் கூறும்.

ஐரோப்பாவில் ஒரு பேராய்வு

இம்முறையின் ஆற்றலைக் காட்ட எபிக்-இன்டராக்ட் என்னும் ஆய்வு தக்க எடுத்துக்காட்டாகும். பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, ஜெர்மனி, சுவீடன், டென்மார்க் ஆகிய எட்டு நாடுகளில் 1990களில் குருதி வழங்கிய 3,40,234 பேரைக் கொண்டது இது. குருதி உறைநிலையில் காக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் அவர்களுள் 12,403 பேருக்கு இரண்டாம் வகை நீரிழிவு தோன்றியது. நோய் வருமுன் எடுத்த குருதியை நோய் வந்தபின் திரும்பிப் படிக்கும் வாய்ப்பு இதனால் கிட்டியது.

2014இல் வெளிவந்த முடிவு எண்ணத்தக்கது. பாலுணவைச் சுட்டும் ஒற்றைப்படைக் கொழுப்பமிலங்கள் குருதியில் மிகுந்தோர்க்கு நீரிழிவு குறைவாகவே வந்தது. 14, 16, 18 எனும் இரட்டைப்படைத் தொடருடையவை மிகுந்தோர்க்கு நோய் மிகுந்தது. 'நிறைவுற்ற கொழுப்பு' என்று ஒரே பெயரால் வழங்கப்பட்ட குடும்பத்துக்குள் இருவேறு போக்குகள் இருப்பது வெளிப்பட்டது.

2020இல் வைட்டமின் சியும் ஆறு கரோட்டினாய்டுகளும் சேர்ந்த ஒரு மதிப்பெண்ணைக் கணக்கிட்டனர். குருதியில் அம்மதிப்பெண் மிகக் குறைந்த ஐந்தில் ஒரு பகுதியினரோடு ஒப்பிட, மிக உயர்ந்த ஐந்தில் ஒரு பகுதியினருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு பாதியளவே இருந்தது. நாளொன்றுக்கு 66 கிராம் பழமும் காய்கறியும் கூடுதலாக உண்பது 25 விழுக்காடு குறைந்த வாய்ப்போடு தொடர்புடையது என ஆய்வாளர் மதிப்பிட்டனர். 66 கிராம் என்பது ஒரு சிறு கொய்யாப்பழத்தின் எடையைத் தாண்டாது.

2023இல் இம்முறை மேலும் ஒருபடி சென்றது. ஆஸ்திரேலியாவில் முதியோர் 128 பேர் பங்கேற்ற ஓர் உணவுச் சோதனையில் ஒரு பகுதியினர் ஆறு திங்கள் மத்தியதரைக்கடல் நாட்டு உணவு முறையைக் கைக்கொண்டனர். எஞ்சியோர் வழக்கமான உணவையே உண்டனர். இரு பகுதியினரின் குருதியையும் பிரித்தறிய உதவிய கரோட்டினாய்டு, கொழுப்பமிலக் கூட்டத்தை ஒரு மதிப்பெண்ணாக்கி, அதனை ஐரோப்பியத் தொகுப்பில் பொருத்திப் பார்த்தனர். மதிப்பெண் ஓர் அலகு உயர, நோய் வாய்ப்பு 29 விழுக்காடு குறைந்து காணப்பட்டது. அதே மக்கள் வாய்மொழியாகக் கூறிய உணவைக் கொண்டு கணக்கிட்டபோது 10 விழுக்காடே குறைந்து காணப்பட்டது. நல்லுணவின் பயன் இத்தனை காலமும் குறைத்தே மதிப்பிடப்பட்டிருக்கலாம் என்பதும், நினைவின் வழுக்களே அதற்குக் காரணமாகலாம் என்பதும் இதனால் புலனாகும்.

பாடம் பிழைபடும் இடங்கள்

அகச்சான்று கிடைத்துவிட்டது, இனி வாய்மொழி எதற்கு என்று முடிவுகட்டுதல் அவசரமாகும். ஏட்டுச்சுவடியில் எழுத்து இருக்கும். ஆனால் புள்ளி இராது, ஏடு சிதைந்திருக்கும், படியெடுத்தவர் பிழை புகுந்திருக்கும். பல சுவடிகளை ஒப்பிட்ட பிறகே டாக்டர் உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஒரு பாடத்தைத் துணிந்தனர். குருதியின் எழுத்துக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

முதலாவது, எல்லாச் சுவடும் உணவின் சுவடன்று. 16 கரி அணுக்களையுடைய பால்மிட்டிக் அமிலம் குருதியில் மிகுந்திருந்தால் நெய்யும் இறைச்சியுமே காரணம் என எண்ணத் தோன்றும். ஆயின் தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் இதே அமிலமாக மாற்றவல்லது. நெய்யே தொடாதவர் குருதியிலும் 'நெய்யின் எழுத்து' தோன்றக்கூடும். அமெரிக்காவின் பிராமிங்காம் ஆய்வில் 2011இல் கண்டறிந்த செய்தி இதனினும் வியப்பானது. லியூசின், ஐசோலியூசின், வேலின், டைரோசின், பினைல்அலனின் ஆகிய ஐந்து அமினோ அமிலங்கள் குருதியில் உயர்ந்திருந்தோர்க்கு, சர்க்கரை இயல்பாக இருந்தபோதே, பின்வரும் 12 ஆண்டுகளுள் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுந்தது. இவை புரத உணவிலும் உள்ளவை. எனினும் அவை உயர்வதற்கு உண்ட அளவைவிட, இன்சுலினுக்கு உடல் இணங்காமையே பெரிதும் காரணமாகக் கருதப்படுகிறது.

இரண்டாவது, உண்ட அளவு ஒன்றாயினும் குருதி அளவு வேறாகலாம். புகைப்போர் குருதியில் வைட்டமின் சி விரைந்து குறையும். கரோட்டினாய்டு கொழுப்போடு சேர்ந்தே உடலில் ஏறும். எண்ணெயின்றி உண்ட கேரட்டைவிடச் சிறிது எண்ணெயில் வதக்கிய கேரட்டே கூடுதல் சுவடு விடும்.

மூன்றாவது, குறிகாட்டி மருந்தாகாது. இதனை உணராமையால் நேர்ந்த விளைவு மருத்துவ வரலாற்றில் பதிவாகியுள்ளது. குருதியில் பீட்டா கரோட்டின் மிகுந்தோர்க்குப் புற்றுநோய் குறைவு எனக் கண்டபின், அதனை மாத்திரையாகவே கொடுத்துப் பார்த்தனர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த அச்சோதனையின் முடிவு 1994இல் வெளிவந்தது. மாத்திரை உண்டோர்க்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்திருந்தது. கரோட்டின் என்பது காய்கறி உண்ணும் ஒரு முழு வாழ்க்கையின் அடையாளமாக இருந்ததே ஒழிய, நலத்தை அளித்த தனிப்பொருளாக இருக்கவில்லை. ஐரோப்பிய நீரிழிவு ஆய்வுகளும் தொடர்பைக் காட்டுவனவே. அவற்றைக் கொண்டு வைட்டமின் மாத்திரை வாங்குவோர் பாடத்தைப் பிழைபடப் படித்தவராவர்.

தமிழர் தட்டும் குருதியும்

இவ்வாய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பியர் உணவை அடியொற்றியவை. சோறுண்ணும் தமிழருக்கு இவற்றை அப்படியே பொருத்த இயலாது. முழுத்தானியத்தைச் சுட்டும் அல்கைல்ரெசார்சினால் கோதுமைத் தவிட்டின் எழுத்து. கைக்குத்தல் அரிசி உண்பவரையும் தீட்டிய அரிசி உண்பவரையும் பிரித்தறிய அது உதவாது.

ஆயினும் இங்கும் குருதி மௌனமாக இல்லை. சென்னை நகரில் நடந்த கியூர்ஸ் ஆய்வு, தீட்டிய தானியம் மிகுதியாக உண்போர்க்கு நீரிழிவும் வளர்சிதைமாற்றக் கோளாறும் மிகுதி என 2009இல் எடுத்துக்காட்டியது. உயர்ந்த டிரைகிளிசரைடும், நற்கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். குறைவும் மாவுச்சத்து மிகுந்த உணவோடு சேர்ந்து வரும் இரட்டைக் குறிகள். இவை எந்த ஊர் ஆய்வுக்கூடத்திலும் அளக்கத்தக்கவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் ஆய்வு 2023இல் தந்த மதிப்பீட்டின்படி 2021இல் இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையோராகவும், 13.6 கோடிப் பேர் அதன் முன்னிலையில் உள்ளோராகவும் இருந்தனர். அதே ஆய்வின் 2025ஆம் ஆண்டு வெளியீடு, இந்தியர் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது எனக் கூறியது. அரிசிக்கு மாற்றாகக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் இடர் குறைவதாகத் தெரியவில்லை என்பதும், மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைத்துப் பயறு, பால் முதலிய புரதத்தைக் கூட்டுவதோடு குறைந்த இடர் தொடர்புடையது என்பதும் அதன் முடிவுகள்.

நிறைவாக

இனி, மருத்துவர் முன் தலை கவிழ்ந்த பெண்ணிடம் திரும்பலாம். இனிப்பைத் தொடுவதில்லை என்ற அவர் சொல் முற்றிலும் மெய்யாக இருக்கலாம். மூன்று வேளையும் சோறு, இட்லி, உப்புமா என உண்ணும் மாவுச்சத்து அவர் கணக்கில் இனிப்பாகச் சேராது. அக்கணக்கை அவருக்கு யாரும் கற்றுத் தந்ததும் இல்லை. தம்முடைய தட்டில் சோற்றைக் குறைத்தவர், பிள்ளைகளின் தட்டில் எஞ்சியதை உண்டிருக்கலாம். பயறும் பாலும் வாங்கப் பணம் போதாமல், பசியாற எஞ்சியிருப்பது சோறு ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

அவருக்குச் சோகை இருப்பதற்கும் இடமுண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் மூன்று மாதச் சர்க்கரை உண்மையைவிடக் கூடுதலாகத் தோன்றக்கூடும். வேறு சிலவகைச் சோகையில் குறைவாகத் தோன்றும். அந்நிலையில் பிழைத்தது அப்பெண்ணின் நாவன்று, குருதியின் எழுத்தே. ஹீமோகுளோபின் அளவையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் உடன் வைத்து நோக்கும் மருத்துவரே அப்பாடத்தைத் திருத்திப் படித்தவராவார்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து அறிந்த பின்னரே செயற்பட வேண்டும் என வலியுறுத்துகிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருப்போர் ஆகிய நால்வகையும் மருத்துவத்துள் அடங்கும் என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தே. குருதி என்ன உண்டார் என்பதைக் கூறும். ஏன் உண்டார், எப்போது உண்டார், எது கிடைக்காமையால் அதனை உண்டார் என்பவற்றை அது கூறாது. அவற்றைக் கூறவல்லது அவருடைய சொல் ஒன்றே. ஆதலின் குருதிச் சான்று பெருகப் பெருக, நோயாளியின் சொல்லைக் கேட்கும் பொறுமையும் பெருகுதல் வேண்டும். 'வாயைக் கட்டு' என்பதற்கு மாறாக, 'கடைசியாக எப்போது, யாரோடு அமர்ந்து உண்டீர்கள் அம்மா?' எனக் கேட்கும் மருத்துவர், ஆய்வுக்கூடம் தராத செய்தியைப் பெறுவார்.

சொல்லை மதித்துக் கேட்பதும், கேட்டதைச் சான்றோடு ஒப்பிட்டு நேர்மையாகப் படிப்பதும் இவ்வட்டம் பத்தாண்டுகளாக ஆற்றிவரும் பணி. அப்பணி தொடர்க, வட்டம் வளர்க.